பூட்டிய வீடுகளின் பிள்ளைகள்

எங்கள் ஊரில் பெண் குழந்தை பிறந்தால், பிள்ளைக்கு நாற்பது நாள் கழிவதற்குள் வாப்பா காணி விலை கேட்கத் தொடங்கிவிடுவார். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று உலகம் இரண்டு கஷ்டங்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. கல்முனைக் கரையில் இரண்டும் ஒன்றுதான். பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கல்யாணம். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். மூன்று மகள்மார் உள்ளவர் மூன்று வீடு கட்ட வேண்டும். மகன்மார் மட்டும் உள்ளவர் நிம்மதியாகத் தூங்கலாம், ஆனால் வயதான காலத்தில் அவருடைய வீட்டில் சத்தம் இருக்காது.

கடலுக்கும் பெரிய வீதிக்கும் நடுவில் இனி ஒரு கோழிக்கூடு வைக்கவும் இடமில்லை என்று ஆனபோது வீடுகள் மேற்கே திரும்பின. மேற்கே வட்டை. மாவடிப்பள்ளிப் பக்கம் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல்தான். அந்த வயல்களின் ஓரத்தில் உழவு இயந்திரப் பெட்டிகள் கிரவல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தன. நேற்று வயலாக இருந்தது இன்றைக்கு வீட்டு வளவு. நான் அதிபராகப் போன ஆரம்பப் பாடசாலை அந்த வளவுகளுக்கு நடுவில் இருந்தது. இரண்டு நீளமான மண்டபங்கள், ஒரு கிணறு, ஒரு வேப்பமரம். மாரியில் வகுப்புக்குள்ளேயே தவளை சத்தம் கேட்கும்.

அப்போது பிள்ளைகள் குறைவு. வசதி உள்ளவர்கள் வேன் பிடித்து, பெரிய வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இத்தனை சொற்பப் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பள்ளிக்கூடம் எதற்கு, பெரியதோடு சேர்த்துவிடலாமே என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கதை அடிபடத் தொடங்கியது. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஏற்கனவே ஒரு வாங்குப் பலகையில் நாலு பிள்ளைகள் முழங்கை இடிபட இருந்து எழுதினார்கள். எங்களுடையதை மூடினால் இன்னும் சில வருடங்களில் இந்த மேற்குப் பக்கத்தில் பிறந்து வரப்போகிற பிள்ளைகளுக்கு எங்குமே இடம் இராது. எனக்கு அது உள்ளங்கை நெல்லிக்கனி. அலுவலகத்தாருக்கு மட்டும் விளங்கவில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அந்த வாய்க்குப் பயந்தோ என்னவோ, கடைசியில் திட்டமிடல் பிரிவிலிருந்து ஒரு அதிகாரியை நேரில் பார்த்துவர அனுப்பினார்கள்.

அவர் மலைநாட்டுப் பக்கத்தவர். இளம் ஆள், நல்ல மரியாதை. மோட்டார் சைக்கிளில் எங்கள் ஒழுங்கைகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. பாதி வீடு பூட்டிக் கெடக்கு. சிலது அத்திவாரத்தோட நிக்குது. ஆளே இல்லாத எடத்துல எதுக்கு ஸ்கூல்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மனிதர் பயந்து கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"சேர், வெயிலப் பாக்காம என்னோட கொஞ்சம் நடந்து வாங்க" என்றேன்.

முதல் ஒழுங்கையில் நீலக் கேற் போட்ட ஒரு வீடு. சன்னல் எல்லாம் சாத்திக் கிடந்தது. "இது ஆளில்லாத ஊடு இல்ல சேர். இதுட சொந்தக்காரி இப்ப ஏ.எல். படிக்கிறா. சோதின முடியக் கலியாணம் பேசுவாங்க. மாப்பிள்ள இஞ்சதான் வருவாரு, புள்ளைகளும் இஞ்சதான் பொறக்கும்."

அடுத்தது அத்திவாரம் மட்டும். உள்ளே எருக்கலை முளைத்திருந்தது. "இது?" என்றார்.

"இதுட சொந்தக்காரி இப்ப என்ட ரெண்டாம் வகுப்பில இரிக்கா. நேத்துப் பல்லு விழுந்து அழுதவ."

அவர் நின்றுவிட்டார். எருக்கலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க பக்கம் பொண்ணுதான் மாப்பிள்ள வீட்டுக்குப் போகும் மேடம். பூட்டுன வீடுன்னா குடும்பம் ஊரை விட்டுப் போயிருச்சுன்னு அர்த்தம்" என்றார்.

"இஞ்ச பூட்டின ஊடு எண்டா இனித்தான் குடும்பம் வரப்போகுது எண்டு அர்த்தம்" என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கேற்றாக அவரே நின்று கேட்கத் தொடங்கினார். இது யாருக்கு, அந்தப் பிள்ளைக்கு என்ன வயது, எப்போது கல்யாணம் வரும். இவர் சம்பந்தம் பேச வந்தவர் என்று நினைத்து ஒரு வீட்டில் கதிரை எடுத்துப் போட்டார்கள்.

கடைசியாகப் பள்ளிக்கூட மதிலோடு ஒட்டி நின்ற வீட்டுக்கு வந்தோம். பச்சைக் கேற், முன்னால் பெரிய மண்டபம், தரைக்கு மாபிள் பதித்த வீடு. பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை.

"இது யாருக்கு மேடம்?"

"என்ட மகளுக்கு."

"எப்ப கல்யாணம்?"

மகள் கம்பஸில் கடைசி வருடம். வந்த சம்பந்தத்தையெல்லாம், மூக்குச் சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கவலை எனக்கு நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் ஊரின் எல்லா வீட்டுக்கும் உத்தரவாதம் கொடுத்துவிட்டு என் வீட்டில் வந்து முழிக்க முடியுமா?

"நடக்கும், இன்ஷா அல்லாஹ். இந்த ஊட்டுக்கு மூண்டு புள்ளைகள் எண்டு போட்டுக்கொள்ளுங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார்.

பள்ளிக்கூடம் தப்பியது. அவர் அங்கே என்ன எழுதினாரோ, மூடுகிற கதையே பிறகு எழவில்லை. சில வருடங்களில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றும் அனுமதியாகி வந்தது. ஒழுங்கைகளில் ஒவ்வொரு வீடாகக் கல்யாணம் நடந்து கதவு திறந்தது. காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் எந்த வீட்டுக் கொடியில் புதிதாகப் பிள்ளைத் துணி காய்கிறது என்று பார்ப்பேன். புதுக் கொடி ஒன்றைக் கண்டால் அன்றைக்கு முழுவதும் எனக்குச் சந்தோஷம். ஊரார் மழையைப் பார்த்து விளைச்சல் சொல்லுவார்கள், நான் கொடியைப் பார்த்து முதலாம் வகுப்பைச் சொல்லுவேன்.

என் மகளுக்கும் கல்யாணம் நடந்தது. நல்ல மருமகன், மூக்கும் முழியும்கூடச் சரி. ஆனால் வேலை கட்டாரில். பச்சைக் கேற் வீட்டில் இரண்டு பேரும் சில மாதம்கூட முழுசாக இருக்கவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஊர் முழுக்க வீடுகள் திறக்க, என் வீடு திரும்பவும் பூட்டியது. உறவுக்காரர் விடுவார்களா? "டீச்சர்ட கணக்கு டீச்சர்ட ஊட்டிலதான் பிழையாப் போச்சு" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வராது. அவளுக்குக் குழந்தை பிறந்து, அந்தக் குழந்தையின் முதல் சிரிப்பையும் போனில்தான் பார்த்தேன்.

அதற்குள் நாடு நொடிந்தது. சீமெந்து விலை ஏறியது, பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்றது. எங்கள் புதுக் கட்டடம் தூண்களோடு நின்றுபோனது. கட்டட வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் ஆளையே காணவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அடுத்த ஜனவரிக்கு முதலாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளோ இரண்டு வகுப்பில் இருத்தியும் இன்னொரு வகுப்பு அளவுக்கு மிஞ்சினார்கள். நான் சொன்ன பிள்ளைகள், நான் சொன்னபடியே வந்து நின்றார்கள். இருத்த இடம்தான் இல்லை. அறை இல்லாமல் மூன்றாவது வகுப்புக்கு அனுமதி தர முடியாது என்று அலுவலகம் சொல்லிவிட்டது. அதிலும் பிழை சொல்ல முடியாது. பிள்ளைகளை மரத்தடியில் இருத்தினால் மாரி மழையில் எங்கே கொண்டு போவது?

இடம் கிடைக்காத பிள்ளைகளின் உம்மாமார் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் நீலக் கேற் வீட்டுக்காரி. அன்றைக்கு ஏ.எல். படித்தவள். இப்போது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கையில் பிடித்திருந்த மகன் புதுச் சப்பாத்தும் போட்டுத் தயாராக வந்திருந்தான்.

"டீச்சர், இவன் எந்த நாளும் உங்கட மணிச் சத்தம் கேட்டுத்தான் எழும்புறான். இனி இவன நான் எங்க கொண்டு போறது?"

இரண்டு நாள் பொறு என்று மட்டும் சொன்னேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, வழக்கம்போல மகளின் வீட்டைக் கூட்டித் துடைக்கப் போனேன். முன் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, பாதியில் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். நாலு பெரிய சன்னல். நல்ல காற்று. மின்விசிறி, குழாய்த் தண்ணீர், வெளியே மலசலகூடம். பக்கத்து மதிலில் ஒரு வாசல் வெட்டினால் நேரே பள்ளிக்கூட முற்றம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசிக்காமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"அவள்ட ஊடு. அவளிட்டக் கேளு."

அதுதான் எனக்குப் பயம். வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில். கொடுத்த சீதன வீட்டில் பெற்றவளே கைவைத்தாள் என்றால் ஊர் என்ன சொல்லும், மருமகன் என்ன நினைப்பார்? அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் இன்னும் கஷ்டம். போனை எடுத்தேன், வைத்தேன், பிறகு பிஸ்மி சொல்லி எடுத்தேன். சொல்லி முடிக்கும்வரைக்கும் அவள் முகம் திரையில் அசையவில்லை.

"உம்மா, அந்தச் சுவருக்கு நான் கல்முனையெல்லாம் திரிஞ்சு தேடி எடுத்த நிறம். கிறுக்கித் தள்ளிருவாங்களே."

"கிறுக்குவாங்கதான். முதலாம் வகுப்பு" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

பின்னால் மருமகனின் குரல் கேட்டது. "பூட்டின ஊட்டில கறையான்தான் குடியிரிக்கும். புள்ளைகள் இரிக்கட்டுமே."

"சரி உம்மா" என்றாள் மகள். "என்ட அறைய மட்டும் பூட்டி வைங்க. அலுமாரில கலியாண உடுப்பு இரிக்கி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சின்னதில் ஒரு பென்சிலைக்கூட யாருக்கும் கொடுக்காதவள்.

வீட்டைப் பார்த்து அனுமதி தருவதற்கு அலுவலகத்திலிருந்து வந்தவர் அதே மலைநாட்டு அதிகாரிதான். தலையில் நரை விழுந்திருந்தது. மதிலில் வெட்டிய வாசலால் குனிந்து உள்ளே வந்து, வாங்குகள் போட்டிருந்த மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்கு மூணு பிள்ளைன்னு எழுதச் சொன்னீங்க மேடம். ஒரு வகுப்பே இருக்கு. கணக்கு இப்பிடியா பிழையாப் போகும்?"

நீலக் கேற் வீட்டு மகன் முதல் வாங்கில் இருந்தான்.

அடுத்த வருடம் மகள் குடும்பத்தோடு விடுமுறையில் வந்தாள். பள்ளிக்கூட நேரம். விமான நிலையத்திலிருந்து நேரே வந்து பச்சைக் கேற்றைத் திறந்தவள், படி முழுக்கக் கிடந்த சின்னச் சின்னச் சப்பாத்துகளைப் பார்த்து நின்றாள். உள்ளே பிள்ளைகள் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தேடி எடுத்த நிறத்தில், கை எட்டிய உயரம்வரைக்கும் பூனை, மீன், தோணி, பாதியில் விட்ட "அம்மா" எல்லாம் இருந்தன. நான் மதில் வாசலால் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவளுடைய மகள், என் பேத்தி, உம்மாவின் கையை உதறிவிட்டுப் போய்க் கடைசி வாங்கில் ஏறி இருந்துகொண்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. பக்கத்துப் பிள்ளை தள்ளி இடம் கொடுத்தது.

மகள் சுவரை விட்டுக் கண்ணை எடுத்து அதைப் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்தில் திரும்பவும் சீமெந்து குழைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொந்தராத்துக்காரர் வந்து, கூரை ஏறுகிற நேரம்.

"உம்மா, நாங்க திரும்பி வரலாம் எண்டு கதைச்சிக்கொண்டு இரிக்கம்" என்றாள் மெதுவாக. "வந்தா இவளுக்கு இஞ்ச இடம் இரிக்குமா? சொந்தப் பேத்தி எண்டு ஆக்கள் கதைக்க மாட்டாங்களா?"

எத்தனையோ உம்மாமார் கேட்ட கேள்வி. முதன்முறையாக எனக்குப் பதில் தயாராக இருந்தது.

"உன்ட ஊட்டுக்கு நான் எப்பவோ மூண்டு இடம் எழுதி வெச்சிட்டன் மகள், நீ மாப்பிள்ளையள்ட மூக்கப் பாத்துக்கொண்டு இரிந்த காலத்திலயே. ஒண்டுதான் வந்திரிக்கி. மத்த ரெண்டும் எங்க?"

மருமகன் சட்டென்று வெளியே போய்க் காரிலிருந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கினார். மகள் என் தோளில் ஒரு அடி போட்டாள். பிறகு, தன் சப்பாத்தைக் கழற்றி அந்தச் சின்னச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.