அமெரிக்கா வரும் வரை வாடகை வீடு

லண்டனின் தென்புறம், சட்டன் என்கிற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறைகளுக்கும் நான் ஒரு திரைச்சீலைகூட வாங்கவில்லை. அதற்குக் காரணம் அமெரிக்கா. இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் பகலில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பார்ப்பார்; மற்ற நேரமெல்லாம் உலகத்தைப் பார்ப்பார். நூலகத்துக்குப் போய் அமெரிக்க வார இதழ்களை ஒரு வரி விடாமல் வாசிப்பார். அவருடைய கணிப்பு இதுதான். இலங்கையில் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் அமெரிக்காவுக்கு ஒரு கண். பிலிப்பைன்ஸில் இருக்கிற கடற்படைத் தளம் என்றைக்காவது கைவிட்டுப் போகும். போனால் கப்பல்களை வேறெங்கே கொண்டுவந்து கட்டுவான்? ஆகவே அமெரிக்கா வரும். வந்தால் ஊரில் நடக்கிற சண்டைக்குத் தீர்வு வரும். தீர்வு வந்தால் நாங்கள் ஊருக்குப் போய்விடுவோம்.

"இன்னும் ரெண்டு வருஷம். அதுக்குள்ள ஆரும் வீடு வாங்குவினமே?" என்பார்.

அந்த ரெண்டு வருஷம் ஒவ்வொரு வருஷமும் ரெண்டு வருஷமாகவே இருந்தது.

எனக்கு வேண்டியது ஒரு குசினி. எனக்கென்று ஒரு குசினி. வீட்டுக்காரி கீழே இருந்தாள். குசினி இரண்டு வீட்டுக்கும் பொது. நல்ல மனுஷிதான். நான் செத்தல் மிளகாய் பொரித்தால் இருமிக்கொண்டே வந்து யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டுப் போவாள், ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லி மனம் ஆறியிருப்பேன். பக்கத்தில் மிச்சம் என்கிற ஊரில் எங்கள் சம்பளத்துக்கு ஏற்ற வீடொன்று விலைக்கு இருந்தது. பின்பக்கம் கதவு போட்ட குசினி. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த வீட்டை எட்டிப் பார்ப்பேன்.

சனிக்கிழமைகளில் நான் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தேன். ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை அரைநாளுக்கு வாடகைக்கு எடுத்து நடத்தினோம். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தகப்பன்மார் வீட்டுக்குப் போகமாட்டார்கள். சாப்பாட்டு மண்டபத்தில், சின்னப் பிள்ளைகளின் குட்டைக் கதிரைகளில், முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து, வகுப்பு முடியும் வரை உலக அரசியல் பேசுவார்கள். வாஷிங்டனில் யார் என்ன பேசினாலும் அதற்கு எங்கள் மண்டபத்தில் பொழிப்புரை உண்டு. பொழிப்புரை சொல்வது பெரும்பாலும் என் கணவர்தான்.

ஒரு சனிக்கிழமை அங்கே உண்மையான அமெரிக்கன் ஒருவனே வந்துவிட்டான். இளம் பெடியன். லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் தன் நாட்டின் ஆசியக் கொள்கையைப் பற்றி ஆராய்ச்சி செய்தான். ஆசிய மொழி ஒன்று தெரிந்திருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், தமிழ் படிக்க வந்திருந்தான். பெரியவர்களுக்கு எங்களிடம் வகுப்பு இல்லை. ஆகவே என் அரிவரிப் பிள்ளைகளோடு அவனையும் உட்கார்த்தினேன். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு அவனும் அவர்களைப் போலவே ஆனா எழுதினான்.

மண்டபம் கலகலத்துப் போயிற்று. உளவுக்காரன் என்றார் ஒருவர். என் கணவர் அதற்கும் மேலே போனார். "திருகோணமலை விஷயமா மொழி தெரிஞ்ச ஆக்களைத் தயார்படுத்துறாங்கள். நான் சொன்னனான்தானே?" என்றார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

இடைவேளையில் அவனும் நானும், மலேசியாவிலிருந்து வந்து குடியேறிய இன்னோர் ஆசிரியையும் வகுப்பிலேயே தேத்தண்ணி குடிப்போம். உங்கள் பெரியவர்கள் ஆசியாவைப் பற்றி எப்படித்தான் முடிவெடுக்கிறார்கள் என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். பிள்ளைகள் எண்ணிப் பழகுகிற மரக்கட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக நிறுத்தினான். இது வியட்நாம், இது லாவோஸ், இது கம்போடியா, இது தாய்லாந்து, இது மலேசியா. ஒன்று கம்யூனிஸ்டுகளின் கையில் விழுந்தால் அடுத்ததும் விழும் என்று நம்பினார்கள் என்றான். முதல் கட்டையைத் தட்டினான். எல்லாம் சடசடவென்று சரிந்தன.

மலேசிய ஆசிரியை கடைசிக் கட்டையை எடுத்து மறுபடி நிறுத்தினார். "நாங்க விழவே இல்லையே தம்பி. நான் அப்போ ஸ்கூலுக்குத்தானே போய்க்கிட்டு இருந்தேன்" என்றார்.

தன் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான் என்றான் அவன். முதலில் ஓர் எண்ணம் பெரியவர்களின் மனதைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் நாடுகளைக் கொண்டுவந்து அதில் பொருத்துகிறார்கள். பொருந்தாமல் போனால் சாவது அந்த நாட்டுச் சனம். சாதகம் பொருந்திவிட்டது என்று பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே கலியாணம் முடிக்கிற மாதிரி என்று நான் சொன்னேன். அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

"அப்ப எங்கட இலங்கை எங்கை?" என்று கேட்டேன்.

ஒரு கட்டையை எடுத்தான். வரிசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் யோசித்தான். பிறகு மேசையின் மற்றத் தொங்கலில், சீனிப் போத்தலுக்கு அருகில், தனியாக வைத்தான். "மன்னியுங்கோ ரீச்சர்" என்றான் தமிழில்.

முதலில் எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. ஊரில் எங்கள் சனம் படுகிற பாட்டை இவர்களில் ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டானா என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் குசினி ஞாபகம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது. அமெரிக்கா வராது என்று நான் சொன்னால் கணவர் ஏற்கமாட்டார். மனைவி சொல்வதெல்லாம் அவருக்கு அரசியல் ஆகாது. ஆனால் ஓர் அமெரிக்கன் வாயால் வந்தால்? வெளிநாட்டுக் கொள்கை அமெரிக்காவுக்கு மட்டும்தானா? எனக்கும் ஒன்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவனை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் இந்து சமுத்திரத்தின் பெரிய படம் விரித்திருந்தது. ஒரு தட்டில் மீன் ரோல்ஸ். என் கணவர் டை கட்டியிருந்தார். துறைமுகத்தின் ஆழம், எண்ணெய் சேமிக்கிற குதங்கள், இந்தியாவின் பயம், ரஷ்யாவின் ஆசை என்று ஒவ்வொன்றாக விரலை வைத்து விளக்கினார். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே பேசினார். அமெரிக்கன் வாயைப் பிளந்து கேட்டான், பக்கம் பக்கமாக எழுதினான். இவன் இவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டால் என் குசினி கடலோடு போய்விடும்.

கடைசியில் கணவரே கேட்டார். "தம்பி, உங்கட அரசாங்கத்தில எங்கட நாட்டைப் பற்றி யோசிக்கிறதுக்கெண்டு எத்தினை பேர் இருக்கினம்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ரோல்ஸைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்: தனக்குத் தெரிந்த அளவில் ஒரே ஒருவர்தான், அவருக்கும் வேறு நாடுகளின் பொறுப்பு இருக்கிறது, ஆகவே அரை ஆள் என்றுதான் சொல்லவேண்டும்.

கணவரின் விரல் படத்தில் திருகோணமலைக்கு மேலேயே நின்றது. நான் வென்றுவிட்டேன், ஆனால் அந்த விரலைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அவர் நிமிர்ந்தார்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார். "ஒராளுக்கு விளங்கப்படுத்தினாப் போதும்!"

மண்டபத்துக்கு உயிர் வந்தது. அந்த ஒருவருக்கு ஒரு மெமொராண்டம் அனுப்புவது என்று அங்கேயே தீர்மானம். எழுதுகிற பொறுப்பு என் கணவருக்கு. அமெரிக்கன் ஆங்கிலம் பார்த்துத் தருவதாகச் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் இருந்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு தட்டச்சு இயந்திரம் இரவலாக வந்து பொதுக் குசினி மேசையில் ஏறியது. வீட்டுக்காரி அதற்கும் இருமினாள். சில வாரம் கழித்து ஒரு காலை, சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"இஞ்சேரும், இஞ்சை இருந்து மெமொராண்டம் எழுத ஏலாது. ஒரு முன்னறை வேணும். மிச்சத்தில நீர் பார்த்த அந்த வீடு இன்னும் இருக்கோ?"

அசைந்தால் கலைந்துவிடும் என்று பயந்து, "இருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

முன்னறை அமெரிக்காவுக்கு, குசினி எனக்கு என்று உடன்பாடு. குடிபோன அன்றைக்கே குசினிக் கதவைச் சாத்திவிட்டு ஒரு பை செத்தல் மிளகாயையும் பொரித்தேன். கண்ணும் மூக்கும் ஓட, தனியாக நின்று சிரித்தேன். திரைச்சீலை எல்லா யன்னலுக்கும் வாங்கினேன், தேவையில்லாத குளியலறைக்கும் சேர்த்து. மெமொராண்டம் போனது, மரியாதையாக ஒரு நன்றி வந்தது. அமெரிக்கன் படிப்பை முடித்து நாட்டுக்குப் போனான். கிறிஸ்மஸுக்கு வருகிற அவனுடைய வாழ்த்து அட்டையில் தமிழ்க் கையெழுத்து அரிவரியைத் தாண்டவே இல்லை. சனிக்கிழமைச் சபை எங்கள் முன்னறைக்கு மாறியது. தொண்ணூறுகளில் பிலிப்பைன்ஸ் தளம் மெய்யாகவே மூடப்பட்டது; திருகோணமலைக்கு எந்தக் கப்பலும் வரவில்லை. முன்பு கம்யூனிசம், இப்போது சந்தை, அவர்களுடைய எண்ணம் மாறிவிட்டது என்று அதற்கும் கணவர் விளக்கம் சொன்னார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் இல்லாத சனிக்கிழமை எனக்கு ருசிக்காது.

ஆனால் அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வீடு அல்ல, கையெழுத்து வைத்த நாள். வீட்டு உறுதி எழுதுகிற சொலிசிட்டரின் கந்தோரில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். மோர்ட்கேஜ் கடன் இருபத்தைந்து வருஷத்துக்கு என்று சொலிசிட்டர் வாசித்துவிட்டு, விளங்கியதா என்று கேட்டார்.

"இருபத்தைஞ்சு வருஷம்" என்று கணவர் தமிழில் மெதுவாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் இரண்டு வருஷம் சொன்ன மனுஷன். பேனாவை எடுத்தார். காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரை ஆள் என்ற பதில் அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் முதல் அவருக்குத்தான் விளங்கியிருக்கிறது. மெமொராண்டம் மற்றவர்கள் மனம் உடையாமல் இருக்க. முன்னறை, அவர் கணிப்புத் தப்பியதை நான் சொல்லிக்காட்டாமல் இருக்க. மேசைக்குக் கீழே அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, றோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அமெரிக்கன் வந்தா வித்துப்போட்டுப் போகலாம்."

"ஓம்" என்றேன். "வித்துப்போட்டுப் போவம்."