ரத்த ஓட்டத்தின் ஓசையைப் படித்த எங்கள் அக்கா

அக்கா கர்த்தரிடம் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் சிலருக்கு அவர் பேராசிரியர். சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். இன்னும் சிலருக்கு, ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்து ராகம் தப்பினாலும் சத்தமாகப் பாடுகிறவர். அவருக்கு அடுத்துப் பிறந்த தம்பி என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கவரைப்பேட்டைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில். அதுவரை எங்கள் குடும்பம் பிறர் வயலில் வேலை செய்த குடும்பம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தபின், எங்களில் முதலாவதாகக் கம்பெனி வேலைக்குப் போனவர், நைனா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பா. இரும்பை உருக்கும் உலையின் எதிரே அவருக்கு வேலை. அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். அக்கா அரசுப் பள்ளியில் படித்து, உதவித்தொகை பெற்று, பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்தார். அந்த வகுப்பில் வேறு பெண்களே இல்லை. பட்டறைப் பாடத்துக்கு நைனாவின் பழைய கம்பெனிச் சட்டையைத்தான் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போவார்.

"பொம்பளப் புள்ள மெக்கானிக்கல் படிச்சி இன்னா, லாரி ரிப்பேர் பண்ணப் போவுதா?" என்று தெருவில் ஒருவர் நைனாவிடம் கேட்டார்.

"பண்ணட்டுமே. ஓட்டறதுக்கு நான் இருக்கேன்" என்றார் நைனா. அவருக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

படிப்பு முடிந்து, திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் அக்கா விரிவுரையாளர் ஆனார். திரவங்கள் எப்படி ஓடுகின்றன என்பதுதான் அவர் நடத்திய பாடம். ரசாயன ஆலைகளின் குழாய்களில் நீரோட்டம் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சியையும் தொடங்கியிருந்தார். அங்கேயே கணிதம் நடத்திக்கொண்டிருந்த மாமாவைத் திருமணம் செய்துகொண்டதும் அந்த நாட்களில்தான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது நைனாவின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. எத்தனையோ ஆண்டுகள் உலைச் சூட்டில் நின்றதும் தண்ணீர் சரியாகக் குடிக்காததும் காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

வாரந்தோறும் ரயிலேறி சென்னைக்கு டயாலிசிஸ் போகவேண்டியிருந்தது. ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவதற்காக நைனாவின் இடது கையில் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சை செய்து இணைத்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் அதிரும். காது வைத்தால் இரைச்சல் கேட்கும். ஊருக்கு வரும்போதெல்லாம் அக்கா அதில் காது வைத்துக் கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அப்படிக் கேட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"நைனா, எப்பவும் ரயிலு போற மாரி கேக்கும். இன்னிக்கு இன்னா விசிலு அடிக்கிது?"

"ரயிலுன்னா விசிலு அடிக்காதா பாப்பா?" என்று நைனா சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டே கிளம்பினோம்.

அந்த வாரமே ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டது. பதறிப்போய் ஓடினோம். கழுத்தில் குழாய் போட்டு, பிறகு வலது கையில் புதிதாக அறுவை சிகிச்சை செய்து நைனாவைக் காப்பாற்றினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என்னிடம் சொன்னார்: "குழாய் குறுகினா ஓட்டம் வேகமாகும், சத்தம் மாறும். நான் கிளாஸ்ல நடத்தற பாடம்டா இது. நைனா கையே முன்கூட்டி சொல்லியிருக்குது. அத புரிஞ்சிக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

மறுவாரம் தன் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் போய், தலைப்பை மாற்றவேண்டும் என்று கேட்டார். "மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு ரத்தம் எதுக்கும்மா?" என்றாராம் அவர். "ரத்தமும் குழாய்லதானே சார் போவுது" என்று அக்கா பதில் சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். அந்தப் பெரியவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அதன்பின் அக்காவின் வாழ்க்கை ஒரே திசையில் ஓடியது. கண்ணாடிபோல் தெளிந்த ரப்பரில் கை ரத்தக் குழாய்களின் வடிவத்தைச் செய்து, ரத்தத்தின் பிசுபிசுப்பு வரும்படி தண்ணீரில் கிளிசரின் கலந்து ஓடவிட்டு, அதன் ஓசையைப் பதிவு செய்வார். என் மகளின் ஞானஸ்நானத்துக்குக்கூட கிளிசரின் கறை பட்ட புடவையோடு, ஆசீர்வாதம் முடிந்தபின்தான் வந்து சேர்ந்தார். அம்மா திட்டித் தீர்த்தார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார். அவர் முனைவர் பட்டம் வாங்கியதை நைனா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டாவது ஃபிஸ்டுலாவோடு பல ஆண்டுகள் நன்றாக இருந்து, பிறகே காலமானார்.

கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவை ஒரு சிறு கருவியாக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. கையில் வைத்தால் ஓசையைக் கேட்டு, சரியாக இருந்தால் பச்சை விளக்கு, குறுகத் தொடங்கியிருந்தால் சிவப்பு விளக்கு. படிப்பறிவில்லாதவர்களும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு டயாலிசிஸ் மையத்தில் உரிய அனுமதியோடு சோதனை நடந்தது. நல்ல பலன் கிடைத்தது. கும்மிடிப்பூண்டியில் சிறு தொழிற்சாலை நடத்தும் ஒருவர் அதைத் தயாரிக்க முன்வந்து, அச்சுகளையும் செய்துவிட்டார். வீட்டில் எல்லோரும் பூரித்துப்போயிருந்தோம்.

அப்போதுதான் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து சோதனைக்கு வந்துகொண்டிருந்த மல்லிகா என்ற அம்மாளுக்கு, கருவி பச்சை விளக்குக் காட்டியபின், ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டது.

அக்கா சோதனையை அன்றே நிறுத்தினார். பதிவுகளை மறுபடி மறுபடி கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ரத்தக் குழாய் ஓரளவு குறுகினால் விசில் எழும். மிகவும் குறுகிவிட்டால் ஓட்டமே குறைந்து, விசிலும் அடங்கிவிடும். அந்த அமைதியைக் கருவி நல்ல ஓட்டம் என்று எடுத்துக்கொண்டது.

தொழிற்சாலை முதலாளிக்கு நிறுத்த மனமில்லை. "ஒண்ணு ரெண்டு தப்பறது சகஜம் மேடம். அடுத்த மாடல்ல சரி பண்ணிக்கலாம்" என்றார்.

"அந்த ஒண்ணு யாரோட கைன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார் அக்கா. ஆராய்ச்சிக் கட்டுரையில் இருந்த முடிவு தவறு என்பதையும் அவரே வெளிப்படையாக அறிவித்தார். சக பேராசிரியர்கள் சிலர், இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்டார்கள். அக்கா கேட்டுக்கொள்ளவில்லை.

மல்லிகா அம்மாளைப் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் இறங்கி ஷேர் ஆட்டோவில் அவர் ஊருக்குப் போனோம். கழுத்தில் கட்டுடன் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"பச்ச லைட்டு எரிஞ்சிச்சேம்மா, செரியாத்தான் கீதுன்னு நெனச்சிகினேன்" என்றார்.

"மெஷின் தப்பா சொல்லிடுச்சும்மா. அத செஞ்சது நான். தப்பு என்னுது. அத சொல்லத்தான் வந்தேன்."

மல்லிகா அம்மாளின் மகன் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரைக் கையமர்த்திவிட்டு அந்த அம்மாள், "பெரிய பேஜாரா பூட்ச்சிதான். ஆனா உட்டுட்டு போயிடாத. செரியா செஞ்சி எடுத்துகினு வா. மொதல்ல என் கையிலயே வச்சிப் பாரு" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கருவியைத் திருத்தச் சில ஆண்டுகள் பிடித்தன. இணைப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் கேட்கும்படி மாற்றினார். ஓசை கூடினாலும் குறைந்தாலும் எச்சரிக்கும்படி செய்தார். சொன்னபடியே முதலில் மல்லிகா அம்மாளின் கையில்தான் வைத்தார். அச்சுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த அதே முதலாளிதான் அதைத் தயாரித்தார். இன்று நம் மாவட்டத்தில் பல வீடுகளில் அது இருக்கிறது. அக்கா அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கல்லீரலில் கட்டி என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. அக்கா கேட்டது ஒன்றுதான்: கடைசி மாணவி ஷீபாவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு வரை இருக்க முடியுமா? இருந்தார். பயணம் கூடாது என்று மருத்துவர் சொன்னதால், திருவள்ளூர் வீட்டில் தலையணையில் சாய்ந்தபடி வீடியோவில் கலந்துகொண்டார். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கடினமான கேள்வி கேட்டார். ஷீபா தயங்க, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஷீபா யோசித்துச் சரியாகச் சொன்னதும், "அதான், அதான்!" என்று கத்திவிட்டார். தேர்வாளர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமா கிண்டிய கேசரியை அன்று இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதே வாரத்தில் ஒரு காலை, நாஷ்டா முடித்துச் சற்றுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அக்காவைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், முறை வைத்து வந்து தங்கிய மாணவ மாணவியருக்கும், அடக்கத்தன்று மழையில் வந்து நின்ற உறவினர், நண்பர், தொழிற்பேட்டைத் தோழர்களுக்கும், மகனோடு வந்து மண் போட்டுவிட்டுப் போன மல்லிகா அம்மாளுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். தன் வேலையோடு சமையலையும் ஏற்றுக்கொண்டு, அக்கா ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து எத்தனை தாமதமாக வந்தாலும் முகம் கோணாமல் சோறு போட்ட மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மலரில் படத்துக்குக் கீழே என்ன எழுதலாம் என்று மாமாவைக் கேட்டேன். அக்காவின் பட்டங்களையும் பதவிகளையும் வரிசையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் வேணாம் மச்சான். சந்தோஷமா இருந்தாங்கன்னு போடுங்க. அதுதான் நெசம்."

அப்படியே அச்சிட்டிருக்கிறோம்.