வாயில் குண்டூசி

தையல்காரிக்கு வாய் சும்மா இருக்காது. மகனிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் அவளிடமிருந்துதான் வரும். "தம்பி, எத்தனாவது படிக்கிற?" என்று துணி கொடுக்க வந்தவர்கள் கேட்டால், "ஆறாவதுங்க, அவனுக்குக் கொஞ்சம் கூச்சம்" என்று முந்திக்கொள்வாள். பையன் வாயை மட்டும் அசைப்பான்.

ஒருநாள் வகுப்பு ஆசிரியை அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"கேட்டா பதில் சொல்றாம்மா. ஆனா எப்படின்னு நீங்களே வெளிய நின்னு கேளுங்க."

உள்ளே போய், அவனுக்குப் பிடித்த பாடம் எது என்று கேட்டார். பையன் வாயிலிருந்து வந்தது தையல்காரியின் குரல். அதே இழுவை, அதே அவசரம்.

"அவனுக்குக் கொஞ்சம் கூச்சங்க."

கதவோரம் நின்றவள் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது மூடியே இருந்தது.

"பசங்க கேலி பண்றாங்களா மிஸ்?"

"கேலி பண்ணாக்கூடப் பரவால்லம்மா. பக்கத்துல உட்காரவே பயப்படுறாங்க."

அன்றிலிருந்து ஆள் வரும் சத்தம் கேட்டாலே, மடிப்புக்குக் குத்தும் குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கிடையில் வரிசையாகக் கவ்விக்கொண்டாள். ஒரு வாரம் வீட்டில் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

எட்டாம் நாள் சட்டைக்காக எதிர்வீட்டுக்காரர் வந்தார். "என்னடா, உங்கம்மா வாயையும் சேர்த்துத் தச்சுக்கிட்டாங்களா? என் சட்டை எங்க?"

பையன் அம்மாவைப் பார்த்தான். அவள் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்தாள், ஊசி குத்தி ரத்தம் கரித்தது.

"பட்டனுக்குக் காஜா எடுக்கிறது மட்டும் பாக்கி. நாளைக்கு வாங்க மாமா."

கரகரவென்று, இதுவரை அந்த வீட்டில் கேட்டிராத குரல். யார் உள்ளே வந்தது என்று அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரரைத் தவிர அங்கே யாரும் இல்லை. பையன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான்.