கை எடுத்தாச்சா?

இன்று காலை பண்டமாரானில் ஒரு பழைய பிரஸ் மெஷின் வாங்கினேன். தகரத்தை ஒரே அடியில் வெட்டித் தள்ளுகிற ரகம்.

மூடப்போகிற பட்டறை அது. உள்ளே நானும் முதலாளி மணியம் அண்ணனும் மட்டும்தான். ஓட்டிக் காட்டச் சொன்னேன். சுவிட்சை அமுக்கும் முன் அவர், "கை எடுத்தாச்சா?" என்று கத்தினார்.

மெஷினுக்குப் பின்னாலிருந்து, "எடுத்தாச்சுண்ணே!" என்று ஒரு குரல். அதன் பிறகுதான் அமுக்கினார்.

"பின்னால யாருண்ணே?"

"ராஜு. அந்தப் பக்கம் நின்னு தகரம் எடுப்பான். போன வருஷம் நெஞ்சு வலியில போயிட்டான்."

"விளையாடாதீங்க லா!"

பின்னால் போய்ப் பார்த்தேன். வெறும் சுவர். ஸ்பீக்கர் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார், பழைய மெஷின் வியாபாரி என்னிடமே வேலையைக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே குனிந்து, தகரத்தை வெட்டும் அச்சில் விரிசல் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவினேன்.

நான் இருந்த இடம் சுவிட்சுப் பக்கத்திலிருந்து தெரியாது. அண்ணன் மறுபடி, "கை எடுத்தாச்சா?" என்றார்.

குரல் எங்கிருந்து வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததில் என் கையை நானே மறந்துவிட்டேன்.

பதில் வரவில்லை.

இரண்டாம் முறை கேட்டார். வரவில்லை. எட்டிப் பார்த்தவர், "பாஸ், கை!" என்று அலறினார்.

பத்து விரலாலும்தான் இதை டைப் செய்கிறேன். மெஷின் வேண்டுபவர்கள் கீழே எழுதுங்கள். ஸ்பீக்கர் என்று சொல்பவர்களும் எழுதுங்கள், நானும் தேடிவிட்டேன்.

அண்ணனிடம் பேசி முடித்தது ஒன்பதாயிரம் வெள்ளி, லோரிச் செலவு என்னுடையது. யார் ஓட்டினாலும் கேட்டுவிட்டுத்தான் அமுக்க வேண்டும். பதில் வராவிட்டால் அமுக்கக் கூடாது.