எலிக்குள் ஒளிர்ந்த செல்களும் தம்பியோடு போன கிரிவலமும்

2007 ஜூலையில் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். எனக்கு வேலை வெளிநாட்டில், ஒரு சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கூடத்தில். பள்ளி நாளிலிருந்தே இன்சுலின் ஊசியோடு வாழும் என் தம்பி குமரன், "ஒரு தடவையாவது மலையைச் சுத்தணும்க்கா" என்று பிடிவாதமாக நின்றான். பௌர்ணமிக் கூட்டத்தில் அவனைக் கூட்டிப்போக எனக்குப் பயம். சாதாரணப் புதன்கிழமை ஒன்றில் கிளம்பினோம்.

வேங்கிக்காலில் அவன் வீட்டிலிருந்து ராஜகோபுரத்துக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். நடை பதினான்கு கிலோமீட்டர். காலில் புண் வந்தால் அவனுக்கு லேசில் ஆறாது என்பதால் தடித்த சாக்ஸ் போட வைத்தேன். முறைத்துக்கொண்டே போட்டுக்கொண்டான்.

ரமணாசிரமத்தைத் தாண்டியதும் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தது. மணிக்கு இருபது ரூபாய். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வரவேண்டிய படங்களுக்காக வந்த நாள் முதல் தவித்துக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்லப் படம் இறங்கியது. மயக்கத்தில் படுத்திருக்கும் நான்கு எலிகள். மூன்றின் வயிற்றோரம் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம். நான்காவதில் மங்கலான நீலப் புள்ளி மட்டும்.

"இன்னாக்கா இது?"

"மனுஷக் கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லுங்க. உன்ன மாதிரி ஆளுங்களுக்கு வெக்கறதுக்கு முன்னாடி எலிக்குள்ள வெச்சுப் பாக்கறோம். உயிரோட இருந்தா ஒளி விடற மாதிரி மாத்தியிருக்கோம். எலியைக் கிழிக்காமலே கேமராவுல பாத்துடலாம்."

"இதுல அணைஞ்சுடுச்சா?"

"தெரியலடா, நீலம்னா ஒளி ரொம்பக் கம்மி. நாளைக்கு மறுபடி எடுப்பாங்க."

அதற்குப் பிறகு மலையை நான் எங்கே பார்த்தேன்? அந்த நீலப் புள்ளிதான் கண்ணில் நின்றது. தம்பி பேச்சைக் குறைத்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் திரும்பிப் பார்த்தால், அவன் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. "உக்காருடா" என்றேன். "போக்கா, நீ வேற" என்று குழறினான். இரண்டே இட்லி தின்றுவிட்டு வழக்கமான அளவு ஊசி போட்டிருக்கிறான்.

பெட்டிக்கடை அம்மா ஸ்டூலோடு ஓடி வந்தார். "நெழல்ல உக்கார வைங்க. இன்னா ஆச்சு தம்பிக்கு?"

"சர்க்கரை கம்மியாயிடுச்சுங்க." பையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலம் எளிதில் பிரியவில்லை. பல்லால் கிழித்துத் தண்ணீரில் கலக்கி, சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தேன். சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 46; எழுபதாவது இருக்க வேண்டும். கால் மணி நேரம் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 82 வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அந்த செல்லு யாருதுக்கா?"

"இறந்துபோன ஒருத்தரோடது. அவங்க வீட்டுல குடுத்தாங்க. பேர் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

பிறகு அதே கடையில் ஒரு கற்பூரம் வாங்கினான். பக்கத்துக் கோயிலில் ஏற்றிவிட்டு, "பேர் தெரியாதவருக்குனு சொல்லிட்டேன்" என்றான். மிச்ச வழியை ஆட்டோவில் கடந்தோம், நூறு ரூபாய். வலம் பாதியில் நின்றதில் அவனுக்கு வருத்தம்தான்.

சர்க்கரை உள்ளவரோடு போகிறீர்கள் என்றால், அன்றைக்கு ஊசியின் அளவு என்ன என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள். குளுக்கோஸை எளிதில் பிரிக்கிற மாதிரி சட்டைப்பையில் வையுங்கள். வயிறாரச் சாப்பிட வையுங்கள். அவர் பேச்சு குறைந்தால், உடனே நின்று முகத்தைப் பாருங்கள்.

மறுநாள் வந்த படத்தில் நான்காவது எலி முழுக்க இருட்டு. செல்கள் செத்துவிட்டன. சொல்ல மனமில்லாமல் சொன்னேன்.

"மத்த மூணு?"

"எரியுது."

"அப்போ லீவு போதும், கிளம்புக்கா" என்றான்.