கீழிருந்து வந்த ஊசி

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பதினைந்து வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். ஊசி எந்தப் பக்கம் போகும், எந்தப் பக்கம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று இரவு 8.20 முதல் 8.50 வரை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

என் தங்கை பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி. அதைக் கொடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மடத்துப் பெண்தான். வீட்டில் அம்மா படுத்த படுக்கை. "சின்னவ எப்ப வருவா?" என்று தினமும் கேட்பாள். பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். நான் சடங்கைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று மடத்தில் எல்லோரும் நினைத்தார்கள். நான் வந்தது அவளைக் கையோடு கூட்டிப் போக.

அங்கே விருந்தாளி என்றால் கடவுளே வந்த மாதிரி. விருந்தினர் பொறுப்பில் இருந்த சிஸ்டர் வாசலிலேயே என் பையை வாங்கிக்கொண்டார். கைகழுவ வெந்நீர் ஊற்றினார். துண்டு நீட்டினார். சாப்பாடு போட்டார். அதற்குப் பிறகுதான் நான் யார் என்றே கேட்டார். சண்டைக்கு வந்தவளை இப்படி உபசரித்தால் நான் யாரோடு சண்டை போடுவது?

"தங்கச்சி எங்க சிஸ்டர்?"

"மூணு நாளா காய்ச்சல். நோயாளி அறையில தூங்குறா. காலைல பாருங்க."

பிறகு வேலை அறையைக் காட்டினார். மெழுகுவர்த்தி, ஜெபமாலை, பலிபீடத் துணி எல்லாம் அங்கேதான் செய்கிறார்கள். ஜன்னலோரம் ஒரு மரச்சட்டம். சுண்டினால் சத்தம் வரும் அளவுக்கு அதில் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் சிலுவை. அதன் கீழே என் தங்கையின் பெயர், வெள்ளை நூலில்.

வார்த்தைப்பாடு கொடுக்கும் ஒவ்வொருத்தியும் தன் துணியைத் தானே தைக்க வேண்டுமாம். அடுத்தவர் கை ஒரு தையல்கூடப் போடக்கூடாது. உறுதிமொழித் தாளை அந்தத் துணிமேல் வைத்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். செத்த பிறகு அதே துணியால் முகத்தை மூடுவார்கள்.

"முடிக்கலேன்னா?"

"தள்ளிப் போடுவோம். ஆனா மூணு எழுத்துதான் பாக்கி. விடியறதுக்குள்ள எழுந்து முடிச்சிருவா."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இருபத்தாறு வயதுப் பெண், தன் பிணத்துக்குத் தானே துணி தைக்கிறாள். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். மூன்று எழுத்து பாக்கி என்றால் முடித்துவிடுவாள். முழுப் பெயரும் பாக்கி என்றால்?

8.00. கடைசி ஜெபம் முடிந்து மணி அடித்தது. இனி காலை ஜெபம் வரை அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெரிய மௌனம் என்று அதற்குப் பெயர். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. செருப்புச் சத்தமும் அடங்கியது.

விருந்தினர் அறையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன். உட்கார்ந்தேன். சிஸ்டர் வைத்துவிட்டுப் போன வெந்நீரைக் குடித்தேன். மறுபடி எழுந்தேன். பையில் என் சின்னக் கத்தரி இருந்தது.

8.20. வேலை அறை பூட்டியிருக்கவில்லை. மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு சட்டத்தின் முன் உட்கார்ந்தேன். துணி ஓரத்தில் ஊசி குத்தியிருந்தது, நூலோடு. தங்கையின் தையல் அழகாக இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த தையல்தான். கண் கலங்கியது. ஆனாலும் வெட்டினேன்.

க்ளிக்... முதல் எழுத்து. நூலை உருவி மடியில் போட்டேன்.

க்ளிக்... இரண்டாவது. க்ளிக்... மூன்றாவது.

நிமிர்ந்து பார்த்தேன். முதல் எழுத்து அப்படியே இருந்தது.

வெட்டவில்லையோ? மடியைப் பார்த்தேன். உருவிய நூல் அங்கேதான் கிடந்தது.

மறுபடி வெட்டினேன். அப்போது கேட்டது.

டப்... சர்ர்ர்... டப்... சர்ர்ர்...

இறுக்கிய துணியில் ஊசி குத்தி நூல் இழுபடும் சத்தம். எனக்குப் பழகிய சத்தம்தான். ஆனால் தைத்தது நான் இல்லை.

ஓரத்தில் பார்த்தேன். ஊசியைக் காணோம்.

8.35. துணிக்கு அடியிலிருந்து ஊசி முனை எட்டிப் பார்த்தது. முழுதாக வெளியே வந்தது. என் விரலுக்காகக் காத்திருப்பது போல நின்றது.

பிடித்து இழுத்தேன். கீழே குத்தினேன். பதினைந்து வருடப் பழக்கம்... கை என்னைக் கேட்கவில்லை.

கீழே யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள்.

மறுபடி மேலே வந்தது. ஒரு நூல் தள்ளி, வரவேண்டிய இடத்தில், துல்லியமாக.

குத்தினேன். வந்தது. குத்தினேன். வந்தது.

நிறுத்த நினைத்தேன். முடியவில்லை. நான் வெட்டிய எழுத்துகள் முடிந்தன. பாக்கி இருந்த எழுத்துகளும் ஒவ்வொன்றாக...

இடது கையைச் சட்டத்துக்கு அடியில் விட்டேன்.

விரல்கள்.

ஜில்லென்று.

என் விரல்களை மெதுவாக ஒதுக்கிவிட்டு... ஊசியைத் தேடின.

ஓடினேன். கூடத்துக் கடிகாரத்தில் மணி 8.50.

விடியும்வரை கண் மூடவில்லை. காலையில் துணியில் பெயர் முழுதாக இருந்தது. காய்ச்சல் வேகத்தில் தானே எழுந்து முடித்துவிட்டதாகத் தங்கை நினைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது மணிக்கு அவள் அந்தத் துணிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அழுதேன்.

கிளம்பும்போது, இரவெல்லாம் அவளுக்குத் துணையாக இருந்த நர்ஸ் சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"ராத்திரி மௌனம், யார்கிட்டயும் சொல்ல முடியல. எட்டு இருபதுக்குக் காய்ச்சல் நூத்தி மூணு. கண்ணை மூடிக்கிட்டே பேச ஆரம்பிச்சா. 'அக்கா வெட்டுறா, நீங்க தைங்க'ன்னு. திரும்பத் திரும்ப அதேதான்."

"யார்கிட்ட சொன்னா?"

"தெரியல. அறையில நான் மட்டும்தான் இருந்தேன்."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எட்டு அம்பதுக்குப் பதில் வந்துச்சு. கட்டிலுக்கு அடியில இருந்து."

"என்ன பதில்?"

சிஸ்டர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'முடிஞ்சுது. அக்காவுக்கும் கை பழகிருச்சு. அடுத்த துணி அவளுக்கு.'"