பூச்சில்லாத தொட்டில்

எங்கள் சித்தப்பாவுக்கு எடுத்த வேலையை முடிக்கத் தெரியாது என்றுதான் எட்டு வயதில் நான் நினைத்திருந்தேன். பகலெல்லாம் கொச்சித் துறைமுகத்து வில்லிங்டன் தீவில் ஒரு கிடங்கில் மரப்பெட்டி அடிப்பார். சாயங்காலம் படகிறங்கி வந்து, கொச்சங்காடி வீட்டுக்குப் பின்னால் கடைசல் மெஷின் முன் கொட்டாவி விட்டபடி நிற்பார்.

சித்தி அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். தொட்டிலுக்குப் பலாமரத்தில் நாலு கால் கடைந்து, உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்து வைத்திருந்தார் சித்தப்பா. மேலே என்ன பூசுவது என்பதுதான் வீட்டில் ஓயாத பேச்சு. வார்னிஷ் என்றால் ஈரம் தாங்கும் என்பார் அப்பா. பிள்ளை வாயில் வைக்கும், அரக்குதான் நல்லது என்பாள் அம்மா. வீட்டுக்குப் பக்கத்துக் கிடங்கின் காவல்கார மலையாளிச் சேட்டன், "கொறச்சு தேங்காயெண்ணெ தேச்சா மதிடோ" என்று, எண்ணெயே போதும் என்கிற மாதிரி, சாயாவை உறிஞ்சுவார். சித்தப்பா எல்லோருக்கும் சொன்னது ஒரே வார்த்தை: "பாக்கலாம்."

கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை பட்டறை டப்பாவைத் திறந்து நாலு காலுக்கும் நானே வார்னிஷ் அடித்துவிட்டேன். வெல்லப்பாகில் முக்கியெடுத்த மாதிரி மின்னின.

சித்தப்பா வந்ததும் மெச்சுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "சித்தி பாத்தாளா?"

சித்தி சாயா டம்ளரோடு கதவண்டை நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு கை வயிற்றின்மேல் இருந்தது.

சித்தப்பா அப்போதே அத்தனையையும் அழிக்க உட்கார்ந்தார். ஈர வார்னிஷில் உப்புத்தாள் ஓடாது. டர்ப்பன்டைன் துணியால் முதலில் துடைக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு காலாக மெஷினில் மாட்டித் தேய்க்கவேண்டும். சித்தியும் மூச்சுவாங்க உட்கார்ந்து ஒரு காலை எடுத்துத் துடைத்தாள்.

"சாயா ஆறுது."

"ஆறட்டும், நீ எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. என்னை யாரும் திட்டவுமில்லை. நான் அழுதது அதற்குத்தான்.

பரணில் சாக்கு சுற்றி வேறு இரண்டு தொட்டில்களின் கால்கள் இருந்ததை, நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். ஒன்று அரக்கு, ஒன்று வார்னிஷ். இரண்டையும் ஆசையாக முன்கூட்டியே முடித்து வைத்திருக்கிறார். இரண்டு தடவையும் சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தாள். மூன்றாவதை முடிக்க அவருக்குக் கை வரவில்லை.

மழைக்காலத்தில் பெண் பிறந்தது. பேர் வைத்த அன்று, அந்த வெறும் மரக்கால் தொட்டிலில் தங்கச்சி படுத்திருந்தாள். சிவப்பு அரக்கு போட்டால் எடுப்பாக இருக்கும் என்று சித்தப்பாவின் காதில் யோசனை சொன்னேன். திரும்பிப் பார்த்தால், வந்தவர்கள் இரைச்சலுக்கு நடுவே, தொட்டிலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். பெட்டி அடித்த களைப்பு என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.